கஞ்சாவை நிறுத்தி ஒன்பது நாள்: தூக்கம் எப்போது திரும்பும்?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 27. திருமங்கலத்தில் டூவீலர் பட்டறையில் மெக்கானிக்காக இருக்கிறேன். 19 வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து கஞ்சா பழகினேன். கடைசி 5 வருசமாகத் தினமும். சிகரெட்டைக் கொட்டி, அந்தத் தூளோடு கலந்து, ஒரு நாளைக்கு 5, 6 அடிப்பேன். தனியாகச் சிகரெட் பிடிக்கிற பழக்கம் இல்லை. என் சம்சாரம் 7 மாசம் முழுகாமல் இருக்கிறாள். அடுத்த வாரம் வளைகாப்பு. அவளுக்காக ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். இன்றோடு 9 நாள். ராத்திரி தூக்கம் இல்லை. கண்ணசந்தால் கெட்ட கெட்ட கனவு. பாய் நனைகிற அளவுக்கு வேர்க்கிறது. சோறு இறங்கவில்லை. ஸ்பேனர் பிடித்தால் கை நடுங்குகிறது. முந்தாநாள் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டேன். தூக்கத்துக்கு மெடிக்கலில் சொல்லி அல்பிரசோலம் மாத்திரை வாங்கி 4 நாள் போட்டேன். "அது மூலிகைடா, அதுக்கெல்லாம் எவனும் அடிமை ஆகமாட்டான். உன் உடம்புக்கு அது தேவைப்படுது. ராத்திரிக்கு மட்டும் ஒன்னு போட்டுக்க" என்கிறான் கூட்டாளி. அம்மா, செய்வினை என்று சொல்லிப் பாண்டி கோயிலுக்குக் கூப்பிடுகிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இது எப்போது தீரும்?

பதில்:

தம்பிக்கு,

நீங்கள் எழுதியிருக்கிற ஒவ்வொன்றும், கை நடுக்கம் வரைக்கும், கஞ்சாவின் விலகல் அறிகுறியாக வரக்கூடியதுதான். தினமும் அடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, பசியின்மை, மனச்சோர்வு, நடுக்கம், வேர்வை, வயிற்றுவலி, தலைவலி என்று இவற்றில் மூன்று நான்காவது சேர்ந்து வரும். ரொம்பக் காலம் மருத்துவர்களிலேயே பலர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில்தான் கஞ்சா விலகல் என்று தனித் தலைப்பே வந்தது. "கஞ்சாவுக்கு எவனும் அடிமை ஆகமாட்டான்" என்கிற பேச்சு இன்னும் ஊருக்குள் உலவுவதற்கு அந்தத் தாமதமும் ஒரு காரணம்.

மூலிகை என்பதால் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. புகையிலையும் செடிதான், அபினும் செடியின் பால்தான். கஞ்சாவைத் தொட்டுப் பார்த்தவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவர் அடிமை நிலைக்குப் போகிறார். பதின்வயதில் தொடங்கினால் அது 6 பேரில் ஒருவர். தினமும் அடிப்பவர்களில் இன்னும் அதிகம். இந்தியாவில் கஞ்சா, பாங்கு வகைகளால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுகிற நிலையில் இருப்பவர்கள் சுமார் 72 லட்சம் என்று 2019இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பு சொல்கிறது. நீங்கள் தனி ஆள் இல்லை.

கூட்டாளி சொன்ன இரண்டாவது வார்த்தைதான் ஆபத்தானது. "உன் உடம்புக்கு அது தேவைப்படுது." நிறுத்தினால் தூக்கம் போகிறது, ஒன்று அடித்தால் தூக்கம் வருகிறது, ஆகவே கஞ்சா எனக்கு மருந்து. கேட்பதற்குச் சரி போலத்தான் இருக்கும். ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுத்து வைத்திருப்பதே அந்த 5 வருசப் புகைதான். விலகல் அறிகுறியை அடிப்படை நோய் என்று எடுத்துக்கொண்டு, நோயை உண்டாக்கியதையே மருந்தாகத் திரும்பக் குடிக்கிற இந்த இடத்தில்தான், நல்ல மனதோடு நிறுத்திய பலர் இரண்டாவது வாரத்தில் வழுக்குகிறார்கள். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

நம் மூளை தானாகவே கஞ்சா போன்ற ஒரு பொருளைச் சிறு அளவில் சுரக்கிறது. 1992இல் ஜெருசலேமில் அதைப் பிரித்தெடுத்தவர்கள், சமஸ்கிருத 'ஆனந்த'த்தை எடுத்து 'ஆனந்தமைட்' என்று பெயர் வைத்தார்கள். பசி, தூக்கம், பதற்றம், வலி, உடம்புச் சூடு இவற்றையெல்லாம் அளவாக வைத்திருப்பதில் அதற்குப் பங்கு உண்டு. அது போய் உட்காருகிற இடங்களான ஏற்பிகள் மூளை முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. கஞ்சாவில் இருக்கிற டி.எச்.சி. என்ற பொருள் அதே ஏற்பியில், பல மடங்கு பலத்தோடு போய் உட்காருகிறது. உங்கள் தொழிலில் வைத்துச் சொன்னால், யாரோ ஒருவர் 5 வருசமாக வண்டியின் ஆக்சிலரேட்டரை முறுக்கியே பிடித்திருக்கிறார். வண்டி ஓவராக ஓடக்கூடாது என்று மூளை ஐடிலிங் ஸ்க்ரூவை இறக்கி இறக்கி வைத்துவிட்டது, அதாவது ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டது. இப்போது ஆக்சிலரேட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டீர்கள். வண்டி நிற்காமல் என்ன செய்யும்? இன்ஜின் கெட்டுப்போகவில்லை, ஐடிலிங்தான் இறங்கிக் கிடக்கிறது. அதைத் திரும்ப ஏற்றிவைக்கிற வேலை நிறுத்திய 2 நாளிலேயே தொடங்கிவிடுகிறது என்பதையும், 4 வாரத்தில் ஏற்பிகள் கிட்டத்தட்டப் பழைய அளவுக்கு வந்துவிடுகின்றன என்பதையும் மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நடுவில் "ராத்திரிக்கு மட்டும் ஒன்னு" என்று தினமும் போட்டால், பாதி ஏற்றிய ஸ்க்ரூவைத் தினமும் இறக்கிவிடுவதாகத்தான் ஆகும்.

எப்போது தீரும் என்று கேட்டீர்கள். அறிகுறிகள் நிறுத்திய 1 முதல் 3 நாளுக்குள் தொடங்கும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். பசியின்மை, வேர்வை, நடுக்கம், வயிற்றுப் பிரட்டல் பெரும்பாலும் இரண்டாவது வாரக் கடைசியில் அடங்கிவிடும். கோபம் மட்டும் கொஞ்சம் தாமதமாக ஏறி, தாமதமாக இறங்கும். அதற்கு 3 வாரம் வரை வைத்துக்கொள்ளுங்கள். தூக்கமும் கனவும்தான் கடைசியில் சரியாகும், ஒரு மாதம், சிலருக்கு ஒன்றரை மாதம். ஆக, 9ஆம் நாளில் நிற்கிற நீங்கள் மோசமான கட்டத்தைப் பெருமளவு தாண்டிவிட்டீர்கள். இன்று திரும்பப் பழகி, இன்னொரு நாள் நிறுத்தினால், தாண்டி வந்த அதே 9 நாளை மறுபடியும் முதலிலிருந்து கடக்க வேண்டியிருக்கும்.

இனி ராத்திரி. இதைச் சரியாகக் கையாண்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

முதலில் கனவு. தூக்கத்தில் கனவு காண்கிற கட்டத்தைக் கஞ்சா அமுக்கி வைக்கும். "எனக்குக் கனவே வராது" என்று பழக்கமுள்ளவர்கள் சொல்வது அதனால்தான். நிறுத்தியதும் அமுங்கிக் கிடந்தது பீறிட்டுக்கொண்டு வரும். துரத்துவது, விழுவது, செத்துப்போனவர்கள் வந்து பேசுவது, கனவிலேயே கஞ்சா அடித்துவிட்டுக் குற்ற உணர்ச்சியோடு விழிப்பது என்று எல்லாம் வரும். அதில் சகுனம் எதுவும் இல்லை. தூக்கம் தன் பழைய பாக்கியை வசூல் செய்துகொள்கிறது, அவ்வளவுதான்.

எழுந்திரிக்கிற நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். படுக்கிற நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் காலை 6 மணிக்கு எழுந்து வெயில் படுகிற இடத்தில் அரை மணி நேரம் நடங்கள். மதியம் கண்ணைச் சுழற்றினால் 20 நிமிடத்துக்கு மேல் படுக்க வேண்டாம். ராத்திரி தூக்கம் வந்த பிறகு பாய்க்குப் போங்கள். 1 மணிக்கு விழிப்பு வந்து, வேர்வையில் பனியன் ஒட்டிக்கொண்டு நெஞ்சு படபடக்கிற நேரத்தில் என்ன செய்வது என்பதைப் பகலிலேயே ஏற்பாடு செய்து வையுங்கள். தலைமாட்டில் ஒரு காய்ந்த துண்டு, மாற்றுவதற்கு ஒரு பனியன், ஒரு சொம்புத் தண்ணீர், பாயின் மேல் விரிக்க இன்னொரு பருத்தி வேட்டி. விழித்ததும் துடைத்து, மாற்றி, தண்ணீர் குடியுங்கள். 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து திண்ணையிலோ மாடிப்படியிலோ வந்து உட்காருங்கள். நேரம் பார்க்கக் கூடாது, போன் கையில் இருக்கக் கூடாது. மூச்சை 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். 10 நிமிடம் இப்படிச் செய்தால் படபடப்பு இறங்கும். கண் கனக்கிறபோது திரும்பிப் போய்ப் படுங்கள். ஒரே ராத்திரியில் இரண்டு மூன்று தடவைகூட இப்படி எழுந்திரிக்க நேரலாம். படுத்துக்கொண்டே புரண்டால் பாய் என்றாலே பயம் என்று மூளை பழகிவிடும், எழுந்து வருவது அதைத் தடுக்கத்தான்.

பட்டறையில் ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறீர்கள்? நம் பக்கம் 6, 7 சாதாரணம். புகைக்கிறவர்களின் கல்லீரல், டீயில் இருக்கிற காஃபீனை வேகமாகக் கரைத்துவிடும். புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்து, அதே அளவு டீயில் ரத்தத்தில் நிற்கிற காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். நேற்றுவரை ஒத்துக்கொண்ட 6 டீ இன்று 12 டீ மாதிரி வேலை செய்யும். உங்கள் படபடப்பிலும் நடுக்கத்திலும் கொஞ்சம் இந்த வகையில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த ஒரு மாதம் காலையில் ஒன்று, 11 மணிக்கு ஒன்று, பிற்பகல் 2 மணிக்கு மேல் ஒன்றும் வேண்டாம். சாயங்காலம் கைக்கு ஏதாவது சூடாக வேண்டுமென்றால் பருத்திப்பால் குடியுங்கள். வயிற்றுக்கும் நல்லது.

அல்பிரசோலத்தை இன்றே விட்டுவிடுங்கள். 4 நாள்தான் என்பதால் சட்டென்று நிறுத்தினால் கெடுதல் இல்லை. ஓரிரு ராத்திரி தூக்கம் இன்னும் கொஞ்சம் குறையலாம். இதைச் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது. சீட்டைப் பார்த்துக் கொடுத்தாலும் மருந்துக்கடைக்காரர் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டிய வகை மருந்து அது. கஞ்சாவை விட்டவர் 3 வாரம் இதைப் போட்டார் என்றால் இதற்கு அடிமையாகிவிடக்கூடும், அதிலிருந்து வெளியே வருவது கஞ்சாவைவிடக் கடினம். வாரக்கணக்கில் போட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து திடீரென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். மதுவோடு சேர்த்தால் மூச்சே அடங்கிப்போகலாம். "வலி மாத்திரை" என்று இளைஞர்கள் கைமாற்றிக்கொள்கிற டபென்டடாலுக்கும் இதே எச்சரிக்கைதான். கஞ்சா விலகலுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை எதுவும் இல்லை. தூக்கமோ பதற்றமோ தாங்க முடியாவிட்டால், அடிமைப்படுத்தாத மருந்தை மனநல மருத்துவர் சில நாளுக்கு எழுதித் தருவார். அதைத் தாண்டி வேலை செய்வது ஆலோசனைதான், வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேசி, எந்த நேரம், எந்த இடம், எந்த மனநிலை உங்களை இழுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது.

"தனியாகச் சிகரெட் பிடிக்கிற பழக்கம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 5 வருசமாக நாளுக்கு 5, 6 தடவை புகையிலையும் உள்ளே போயிருக்கிறது. நீங்கள் ஒரே நாளில் நிறுத்தியது இரண்டு பொருளை. நிக்கோட்டின் விலகல் சில மணி நேரத்திலேயே தொடங்கி, 2, 3 நாளில் உச்சத்துக்குப் போய், 2 முதல் 4 வாரத்தில் அடங்கும். எரிச்சல், கவனச் சிதறல், தூக்கக் குறைவு இரண்டுக்கும் பொது. வித்தியாசம் பசியில் தெரியும்: புகையிலையை விட்டால் பசி கூடும், கஞ்சாவை விட்டால் பசி போகும். உங்களுக்குப் பசி போயிருப்பதால் இப்போது கஞ்சாவின் கை ஓங்கியிருக்கிறது. இன்னும் ஒரு வாரத்தில் அது மாறி, கண்டதையும் தின்னத் தோன்றினால் ஆச்சரியப்படாதீர்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. "கஞ்சாதானே வேண்டாம், வெறும் சிகரெட் ஒன்னு பிடி" என்று யாராவது நீட்டுவார்கள். வாங்காதீர்கள். உங்கள் விரல், உதடு, நெஞ்சு எல்லாவற்றுக்கும் சிகரெட்டும் கஞ்சாவும் ஒரே பழக்கம். பற்றவைக்கிற அந்த நொடியே கலந்து அடித்த நினைவைக் கிளப்பும். 9 நாள் நிக்கோட்டின் இல்லாமல் இருந்துவிட்டதால் உங்களுக்கு இப்போது நிக்கோட்டின் சூயிங்கம்கூடத் தேவையில்லை. கஞ்சாவை விட்டுவிட்டு இன்னும் சிகரெட்டோ பீடியோ பிடிக்கிறவர்களுக்குத்தான் அது: 2 மில்லிகிராம் கம், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. மிட்டாய் மாதிரி மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக மென்று, நாக்கில் சுரீரென்று காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒன்றை அரை மணி நேரம் வைத்திருக்கலாம். கம் போடுவதற்குக் கால் மணி முன்பிருந்து டீ, காபி கூடாது; குடித்தால் மருந்து ஈறில் இறங்காது. புகையிலையை விடுவதற்கான தேசிய இலவச எண் 1800-11-2356.

சாப்பாட்டுக்கு வருவோம். தட்டு நிறையச் சோறு வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு இட்லி, மோர்ச்சோறு, கேப்பைக்கூழ், வாழைப்பழம், அவித்த முட்டை. ராத்திரி பரோட்டா சால்னா இந்த இரண்டு வாரத்துக்கு வேண்டாம். பிரட்டுகிற வயிற்றில் எண்ணெய் நிற்காது, போதாததற்கு உங்களுக்கு அது கஞ்சா அடித்த பிறகு வருகிற பசியோடு சேர்ந்த சாப்பாடாகவும் இருந்திருக்கும். வேர்ப்பதை ஈடுகட்ட நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீராவது, அதோடு உப்புப் போட்ட நீர்மோர் அல்லது ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். தலைவலிக்குப் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் போடலாம், 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு 4க்கு மேல் கூடாது. 2, 3 கிலோ எடை குறைந்தால் பயப்பட வேண்டாம். காய்ச்சல் 101க்கு மேல் ஏறினால் அதைக் கஞ்சாவின் கணக்கில் எழுதாதீர்கள், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தூக்கம் சரியாகிற வரை ராத்திரியில் நாலுவழிச் சாலையில் வண்டி ஓட்டுவதையும், பட்டறையில் டிரையல் ஓட்டுவதையும் வேறு ஆளிடம் விடுங்கள். நடுங்குகிற கையில் கிரைண்டர் வேண்டாம்.

தட்டை எறிந்தது பற்றி. எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு மருத்துவ விளக்கம் இருக்கிறது. எறிந்ததற்கு அந்த விளக்கத்தைச் சாக்காகச் சொல்லக் கூடாது. 7 மாதக் கர்ப்பிணி உங்களைப் பார்த்துப் பயப்படுகிற வீடு அவருக்கும் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் நல்லதில்லை. இன்று சாயங்காலம் அவரை உட்காரவைத்துச் சொல்லுங்கள்: "இன்னும் இரண்டு வாரத்துக்கு எனக்குக் காரணமில்லாமல் கோபம் வரும், அது உன்மேல் இல்லை. கோபம் ஏறினால் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவேன், கால் மணி நேரத்தில் வந்துவிடுவேன், பின்னாலேயே வந்து கூப்பிடாதே." பல்லைக் கடிப்பது, காது சூடாவது, குரல் உயர்வது, இதில் உங்களுக்கு எது முதலில் வருகிறது என்று கவனித்து வையுங்கள், அதுதான் கிளம்ப வேண்டிய நேரம். கை ஓங்குகிற அளவுக்குப் போனால் அன்றே மனைவியை அவரது அம்மா வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவருக்கு ஆபத்து என்றால் கூப்பிட வேண்டிய பெண்கள் உதவி எண் 181; அதை அவரது போனில் நீங்களே பதிந்து கொடுங்கள்.

அடிக்க வேண்டும் என்கிற வெறி ஏறும்போது இது நிற்கவே போவதில்லை என்று தோன்றும். பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் தானாக இறங்கும். அந்த நேரத்தைக் கடத்தினால் போதும்: குளிக்கலாம், இஞ்சி மிட்டாய் சப்பலாம், அண்ணனுக்கோ மச்சானுக்கோ போன் போடலாம். அதைவிட முக்கியம், அந்த வெறி கிளம்புகிற இடங்களைக் குறைப்பது. பேப்பர், லைட்டர், நசுக்குகிற டப்பா, சட்டைப் பையில் ஒட்டிக்கிடக்கிற தூள் வரைக்கும் இன்று வெளியே போகட்டும். பொட்டலம் கொடுக்கிறவர் எண்ணை அழிப்பது போதாது, பிளாக் செய்யுங்கள், போனில் பணம் அனுப்புகிற செயலியிலும் சேர்த்து. சனிக்கிழமை கூலி கைக்கு வருகிற சாயங்காலம்தான் உங்களுக்கு வாரத்திலேயே கடினமான இரண்டு மணி நேரமாக இருக்கும். முதலாளியிடம் சொல்லி இந்த ஒரு மாதம் கூலியை மனைவியின் கணக்கில் போடச் சொல்லுங்கள், பையில் 100 ரூபாய் போதும். தப்பித் தவறி ஒரு நாள் அடித்துவிட்டால், "போச்சு, எல்லாம் போச்சு" என்று மறுநாளும் அடிக்காதீர்கள். ஒரு நாள் சறுக்கல் 9 நாள் முன்னேற்றத்தை அழிப்பதில்லை. அடுத்தடுத்த நாள்கள்தான் அழிக்கும். எங்கே, யாரோடு, என்ன மனநிலையில் நடந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு அன்றிலிருந்தே தொடருங்கள்.

அம்மா பாண்டி கோயிலுக்குக் கூப்பிட்டால் போய்விட்டு வாருங்கள். கயிறு கட்டிக்கொள்ளுங்கள், விபூதி பூசிக்கொள்ளுங்கள், அவருக்கும் மனசு ஆறும். இரண்டு மட்டும் வேண்டாம்: சாப்பாடு இறங்காத இந்த நேரத்தில் விரதம் கூடாது, பேய் ஓட்டுகிறேன் என்று யார் அடித்தாலும் அங்கே நிற்கக் கூடாது. உண்மையை அம்மாவிடம் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. பிள்ளைக்கு யாரோ செய்வினை வைத்தார்கள் என்று அவர் அக்கம்பக்கத்தில் ஆளைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, பிள்ளை ஒரு கெட்ட பழக்கத்தை விட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்துகொள்வது மேல்.

மது பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. தினமும் குடிக்கிற பழக்கமும் இருந்து, இரண்டையும் ஒன்றாக நிறுத்தியிருந்தால் நான் மேலே சொன்ன நாள்கணக்கு பொருந்தாது. மதுவை நிறுத்தினால் முதல் 2 நாளில் வலிப்பும், 2 முதல் 4 நாளில் சித்தம் தடுமாறி இல்லாத பூச்சியும் உருவமும் தெரிவதும் வரலாம், அது உயிருக்கே ஆபத்து. கஞ்சா மட்டும் என்றால் அப்படி வராது. கஞ்சா மெதுவாகக் கொழுப்பிலிருந்து கசிந்து வெளியேறுவதால் விலகலும் பெரும்பாலும் வீட்டிலேயே தாங்கக்கூடியதாக இருக்கும். தூக்கத்துக்காகக் கஞ்சாவுக்குப் பதில் குவார்ட்டர் என்று மட்டும் மாறிவிடாதீர்கள். ஆனால் காதில் யாரோ பேசுவது போலக் கேட்டாலோ, எல்லோரும் சதி செய்கிறார்கள் என்று உறுதியாகத் தோன்றினாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்நேரமும் தமிழில் பேசலாம். போதையிலிருந்து மீள்வதற்கான தேசிய உதவி எண் 14446.

போலீஸ் பயம் பலரைச் சிகிச்சைக்கு வரவிடாமல் தடுக்கிறது, அதனால் தெளிவாகவே சொல்கிறேன். சிகிச்சைக்கு வருவது குற்றம் இல்லை. நோயாளி சொன்னதை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சிகிச்சைச் சட்டம் மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது, போதைப் பழக்கமும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. கஞ்சா பயன்படுத்தியதற்கு 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்தில் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, வழக்கே பதிவான பிறகும், அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொள்கிற பழக்க அடிமைக்கு அந்தக் குற்றத்தின் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. வீட்டில் மிச்சப் பொட்டலம் வைத்திருப்பதுதான் உங்களைச் சிக்கவைக்கும்.

போக வேண்டிய இடம்: திருமங்கலம் அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மதுரை பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவின் காலை ஓ.பி. சீட்டுப் போடுகிற இடத்தில் "மனநலப் பிரிவு" என்று சொன்னால் போதும், விவரத்தை உள்ளே மருத்துவரிடம் சொல்லலாம். நிறுத்திய தேதி, ஒரு நாளைக்கு எத்தனை, எந்த மாத்திரை எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி, அந்த அல்பிரசோலம் அட்டையையும் கொண்டுபோங்கள். ராத்திரியில் வேன் வைத்து ஆளைத் தூக்கிப்போகிற மையங்களைப் பற்றி வீட்டில் யாராவது பேசினால் ஒத்துக்கொள்ள வேண்டாம். கஞ்சா மட்டும் என்றால் பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேரவே தேவை இருக்காது. சங்கிலியில் கட்டுவது சட்டப்படி எங்கேயும் குற்றம்.

கடைசியாக வளைகாப்பு. அன்றைக்கு உங்களுக்கு 14 முதல் 16ஆம் நாளாக இருக்கும், கோபம் இன்னும் முழுசாக இறங்கியிருக்காது. சொந்தக்காரர் கூட்டம், தூக்கமில்லாத முந்தின ராத்திரி, பந்தி முடிந்ததும் "கொஞ்சம் வெளியே வா மாப்ளே" என்று கூப்பிடப் பழைய கூட்டாளிகள். உங்கள் விஷயம் தெரிந்த மச்சான் ஒருவரை அன்று முழுக்கக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பந்தி பரிமாறுவதில் ஒரு வரிசையை உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கையில் சாம்பார் வாளி இருக்கிறவரை யாரும் வெளியே கூப்பிட மாட்டார்கள். கலவைச் சோற்றில் கொஞ்சமாக, இரண்டு தடவையாகச் சாப்பிடுங்கள். 3 மணிக்கு வருகிற டீயை வேண்டாமென்று சொல்லிவிட்டு, விருந்தாளிகள் கிளம்பியதும் மனைவியோடு வீட்டுக்குள் போய்விடுங்கள்.